புதுப்பிப்பு: காசிமேடு பிபிஎஸ் இப்போது வெளியிலிருந்தும் கிடைக்கிறது

ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் ஏற்றிய பழைய பிபிஎஸ் (டயல்-அப் காலத்து எழுத்துவழிச் செய்திப் பலகை) வீட்டுக்குள் டெல்நெட் என்ற எழுத்துவழி இணைப்பில் வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை என்று எழுதியிருந்தேன். காரணம் சிஜிநாட்: இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை. ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங்கால் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உள்ளே திருப்பிவிடுவதால்) பிரயோஜனமே இல்லை. சின்ன விபிஎஸ் (பொது ஐபி உள்ள வாடகை சர்வர்) எடுத்து, ராஸ்பெரி பையிலிருந்து அதற்கு ரிவர்ஸ் எஸ்எஸ்எச் டனல் போடுங்கள்; சர்வருக்கு வருபவர்கள் அதன் வழியே வீட்டுக்குள் வருவார்கள். விபிஎஸ்ஸின் எஸ்எஸ்எச் அமைப்பில் 'கேட்வேபோர்ட்ஸ்' ஆன் செய்யாவிட்டால் டனல் லூப்பேக்கிலேயே (அந்த சர்வருக்குள் மட்டும்) நின்றுவிடும். டெல்நெட்டின் வழக்கமான போர்ட் 23 ரூட் (நிர்வாகி) உரிமை கேட்கும், 2323 போதும்.

இதில் ஒரு வில்லங்கம்: டனலில் வருபவர் எல்லோருமே பிபிஎஸ்ஸுக்கு 127.0.0.1 (அதே கணினியின் முகவரி) ஆகத்தான் தெரிவார்கள். ஒருத்தர் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தால் ஐபி தடை எல்லோரையும் சேர்த்து வெளியே தள்ளும். அந்த ஐபிக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள்.

ஆன்சி கட்டங்கள் (எழுத்துக் குறிகளால் வரைந்த பிபிஎஸ் படங்கள்) குப்பையாகத் தெரிந்தால் டெர்மினலை சிபி437 என்ற பழைய பிசி எழுத்துத் தொகுப்புக்கு மாற்றவும். பழைய சீரியல் கேபிள் இணைப்பின் பின்களில் களிம்பா? கடல் காற்று, வேறென்ன. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பிரஷ்ஷால் தேயுங்கள்.