தண்ணீர் மேலாக ஊறும் ஊரில் உரக் கழிவறை சரிப்படுமா?

கேள்வி:
எங்கள் வீடு காவிரிக் கரையோரம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஐந்தடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடுவதால், கொத்தனார் சொல்வது போல உறை இறக்கிக் கழிவறை கட்டினால் அடிகுழாய்த் தண்ணீர் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறோம். மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உரமாக்கும் கழிவறையைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். சிறுநீரை வாழைக்கு விடலாமா?

பதில் 1:
உங்கள் அச்சம் நியாயமானது. காவிரிக் கரையிலுள்ள முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் இவ்வகைக் கழிவறைகளைக் கட்டியிருக்கிறது. அங்கே சாலியர் தெருப் பொதுக் கழிவறையைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு முறைக்கு 10 பைசா கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது மிகப் பொருத்தம் என்பேன்.

குழி வேண்டாம். தரைக்கு மேலேயே கான்கிரீட் தளமிட்டு இரண்டு அறைகளை எழுப்பி, மலம் விழும் துளை, சிறுநீர் வழியும் முன்பள்ளம், கழுவும் இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அமைக்க வேண்டும். கழுவும் நீர் தனிக் குழாய் வழியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகட்டும். ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவுவது கட்டாயம். மல அறைக்குள் தண்ணீர் இறங்கினால் நாற்றமும் புழுவும் வந்துவிடும். பழக்கமில்லாத விருந்தினர் வரும்போது இது எளிதில் நடந்துவிடும் என்பதால், அவர்களுக்கு முன்கூட்டியே கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுங்கள். ஓர் அறை நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்தில் உரம் எடுக்கலாம்.

பதில் 2:
வாழைக்குத் தாராளமாக விடலாம். நம் உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதியும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதிக்கு மேலும் சிறுநீரில்தான் இருக்கின்றன. சிறுநீரைச் சேர்த்து வைக்கும் கேனை இறுக மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மரத்தைச் சுற்றிச் சற்றுத் தள்ளிப் பள்ளம் பறித்து, தண்ணீர் கலந்து ஊற்றி, உடனே மண்ணை மூடுங்கள். இலையில் படக் கூடாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். உவர் நிலமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், ஏனெனில் சிறுநீரில் உப்பும் உண்டு.

பதில் 3:
முதல் பதிலில் சொல்லப்பட்ட ஆறு மாதத்தை நான் ஏற்கவில்லை. சாம்பலோ சுண்ணாம்போ போட்டுக் காரத்தன்மை (pH அளவு) 9க்கு மேல் நிலைத்தால்தான் அந்தக் காலம் போதும் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். வீட்டில் அதை அளந்து பார்ப்பவர் யார்? குடற்புழு முட்டைகள் எளிதில் சாவதில்லை; ஆகவே மூடிய அறையை ஓராண்டுக்கு மேல் தொடாதீர்கள். அறையின் கொள்ளளவையும் அதற்கேற்பக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: முழுதாக மட்காத மலத்தை அள்ள ஆள் வைப்பது கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மட்கிய பிறகும், உங்கள் வீட்டு உரத்தை நீங்களே கையுறை அணிந்து எடுங்கள். கூலிக்கு யாரையும் கூப்பிடாதீர்கள்.