சி1 ஆங்கில வகுப்பில் மரண தண்டனையை விவாதிக்கலாமா?

கேள்வி: பெரியவர்களுக்கான சி1 (உயர்நிலை) வகுப்பு, 12 பேர், 90 நிமிடம். பயணம், உணவு என்றே பாடநூல் போகிறது, பேச்சு சூடு பிடிப்பதில்லை. மரண தண்டனையை எடுக்கலாமா?

பதில் 1: தாராளமாக எடுங்கள். பாடநூல்கள் தயங்குவதற்குக் காரணம் விற்பனை. ஒரே நூல் பல நாடுகளில் விற்க வேண்டும் என்பதால் அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், இசங்கள் (கம்யூனிசம் போன்ற கொள்கைகள்), பன்றி இறைச்சி எல்லாம் விலக்கப்படுகின்றன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'பார்ஸ்னிப்' என்பார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். உரக்கப் பேசும் இருவரே பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். முந்தின வாரமே 6 தலைப்புகளைத் தந்து, பெயர் எழுதாத சீட்டில் வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் அடித்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

பதில் 2: பிரிட்டனில் கொலைக்கான மரண தண்டனை 1965இல் நிறுத்தப்பட்டு, 1969இல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தையே வகுப்பில் வையுங்கள். சொந்தக் கருத்தை யாரும் வெளியிட வேண்டியிருக்காது. முதல் 20 நிமிடம் சொற்களும் 'இட் குட் பி ஆர்கியூட் தட்' (இப்படியும் வாதிடலாம்) போன்ற தொடர்களும். பிறகு நால்வர் குழு, இருவருக்கு இருவர். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, 10 நிமிடத்தில் பக்கம் மாற்றுங்கள். நடுவில் திருத்தவே கூடாது. உணர்ச்சியோடு பேசுபவரின் இலக்கணத்தைத் திருத்தினால், தன் கருத்தையே மறுப்பதாக எடுத்துக்கொள்வார். பிழைகளைக் குறித்துவைத்துக் கடைசி 15 நிமிடத்தில், யார் சொன்னது என்று காட்டாமல் பலகையில் எழுதுங்கள்.

பதில் 3: பேச விரும்பாதவருக்குக் குறிப்பெடுக்கும் வேலை கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.