புதுப்பிப்பு: லாரி வாழ்க்கை பழகிவிட்டதா?

லாரி ஓட்ட வந்த புதிதில் கேபினில் தூக்கமே பிடிக்கவில்லை, வீட்டு நினைப்பு வாட்டுகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது பரவாயில்லை.

தூக்கத்தில்தான் பெரிய மாற்றம். பகலில் படுத்தால் கண்ணாடிகளைத் தடித்த துணியால் முழுக்க மறைக்கிறேன். பின்னிரவு 2 மணிக்கு மேல் கண் சொக்குவது உடம்பின் இயல்பு. மனஉறுதியால் அதை வெல்ல முடியாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்த கையோடு 20 நிமிடம் படுக்கிறேன். காபி வேலை செய்யவே ஏறக்குறைய அரை மணி ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கின்றன. அப்புறம் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன்.

பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவதை விட்டதில் இடுப்பு வலி பாதி குறைந்தது.

வீட்டுக்குப் பேசுவது வண்டி நின்ற பிறகு மட்டும்தான். மகள் சொல்வதை முழுசாகக் கேட்க முடிகிறது. தனிமைதான் இன்னும் விடவில்லை. வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.