ஐஃபல் மறந்தால் குற்றம் போய்விடுமா? (வுல்ஃப் 359 முடிவு பற்றி. இன்னும் கேட்காதவர்கள் உள்ளே வர வேண்டாம்)

ஊர்க்குருவி:
நேற்று மலையருவி வேறொரு பேச்சுக்கு நடுவே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: "வுல்ஃப் 359 முடிவு கோழைத்தனம். குற்றவாளிக்கு மறதியைக் கொடுத்து, எழுதியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்." இரவு முழுவதும் அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது.

2014 முதல் 2017 வரை கேப்ரியல் உர்பினாவும் குழுவினரும் பாட்காஸ்டாக வெளியிட்ட அமெரிக்க ஒலிநாடகம் இது. பூமியிலிருந்து 7.8 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிவப்புக் குறுவிண்மீனைச் சுற்றும் விண்வெளி நிலையம். அதில் தொடர்பு அதிகாரி ஐஃபல், தளபதி மின்காவ்ஸ்கி, விஞ்ஞானி ஹில்பர்ட், நிலையத்தை இயக்கும் செயற்கை நுண்ணறிவு ஹெரா. ஐஃபல் குடித்துவிட்டுத் தன் மகளைத் தூக்கிச் சென்று காரை மோதியவன். அந்தக் குழந்தைக்கு அன்றோடு காது போயிற்று. கடைசிப் பகுதியில், ஹெராவை உருவாக்கிய பிரைஸ் என்பவளின் நினைவுகளை அழித்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். அவளுடைய மூளையோடு இவனுடையதும் பிணைந்திருக்கிறது. அழித்துவிடு என்று ஹெராவிடம் சொல்பவன் ஐஃபல்தான். அவனே கேட்டான். இதையா கோழைத்தனம் என்கிறீர்கள்?

மலையருவி:
ஆம், அதையேதான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஐஃபல் கோழை என்று நான் எழுதவில்லை, முடிவு கோழைத்தனம் என்றேன். 61 பகுதிகள் முழுவதும் அந்த மனிதன் மகளிடம் போய் நிற்க வேண்டிய நாளை நோக்கித்தான் வருகிறான். அந்த நாள் நெருங்கும்போது அவனுக்கு எதுவும் நினைவில்லை. மகள் மறக்கவில்லை. அவள் எதிரே நிற்கப்போவது யார்? தான் என்ன செய்தோம் என்றே அறியாத ஒருவன். எழுதக் கடினமான காட்சியை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

ஊர்க்குருவி:
அவனே கேட்டான் ஐயா. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழையரேடியோ:
இருவரும் சற்றுப் பொறுங்கள். இந்தப் பக்கத்தில் எல்லோரும் "பாத்திரங்களே நடத்திச் செல்லும் நாடகம்" என்றும் "இருண்ட நாடகம்" என்றும் எழுதுகிறீர்கள். பாத்திரம் நடத்திச் செல்வது என்றால் என்ன? அது முடிவானால்தான் அந்த முடிவு பாத்திரத்திலிருந்து பிறந்ததா, வெளியிலிருந்து ஒட்டியதா என்று பேச முடியும்.

ஊர்க்குருவி:
அதைப் பிறகு பார்க்கலாம். மலையருவி, எனக்கு இன்னும் பதில் வரவில்லை. முதல் பருவத்து ஐஃபலை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் பகுதி முழுவதும் ஒரு சிகரெட்டுக்காக நிலையத்தையே புரட்டிப் போடுகிறான். தனக்கு ஒன்று வேண்டுமென்றால் வேறு யாரையும் நினைக்காத ஆள். அந்தச் சுபாவம்தான் அவனை அன்று குடித்துவிட்டுக் காரில் ஏற வைத்தது. அதே மனிதன் கடைசியில், தனக்கென்று மிஞ்சிய ஒரே சொத்தான தன்னையே எடுத்துக்கொள் என்கிறான். நாடகம் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். இதை வெளியிலிருந்து ஒட்ட முடியுமா?

நள்ளிரவுப்பயணி:
ஊர்க்குருவி சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் முதல் பருவத்தை இவ்வளவு உயர்த்த வேண்டாம். இந்த நாடகம் முதல் பருவத்தின் முடிவில்தான் தொடங்குகிறது. ஹில்பர்ட் துரோகம் செய்து ஹெராவை முடக்கும் இடம் வரை எல்லாம் வேடிக்கைதான். புதியவர்களிடம் அதைத் தாண்டிப் போகச் சொல்கிறேன்.

ஊர்க்குருவி:
தாண்டிப் போகச் சொல்கிறீர்களா? அந்த வேடிக்கையைக் கேட்டுச் சிரித்தவனுக்குத்தான் ஹில்பர்ட் துரோகம் செய்யும்போது மூச்சு நிற்கும். பதினோராம் பகுதியில் ஹெரா தனியாகப் பேசுவதைக் கேட்காமல், பிற்பாடு அவளுக்கு நேர்வதை எப்படி உணர்வீர்கள்? உங்களைப் போன்றவர்களின் பரிந்துரையைக் கேட்டுத்தான் பாதியில் ஏறிப் பாதியில் இறங்கிவிடுகிறார்கள். போன ஆண்டும் இதே பேச்சு, இதே நபர்.

நள்ளிரவுப்பயணி:
போன ஆண்டு நீங்கள் என்னை "அவசரக்காரர்" என்று எழுதியதை நானும் மறக்கவில்லை. நான்கு பருவங்களையும் இரண்டு முறை கேட்டவன் நான். ஹில்பர்ட்டின் ரஷ்ய உச்சரிப்பு முதல் பகுதிகளில் கேலிச்சித்திரமாக இருக்கிறது என்று அன்று சொன்னேன். அதற்குத்தான் அவ்வளவு கோபப்பட்டீர்கள்.

ஊர்க்குருவி:
ஐஃபல், ஹில்பர்ட் இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, ஜாக் வாலென்டி, என்று அன்று நான் சொல்லித்தானே உங்களுக்குத் தெரிந்தது? ஒரே தொண்டையிலிருந்து ஏய்க்கப்படுபவனும் ஏய்ப்பவனும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். உங்கள் காதுக்கு அது இரண்டு ஆட்களாகத்தான் கேட்டது. பிறகென்ன கேலிச்சித்திரம்?

நள்ளிரவுப்பயணி:
தெரியாமல் இருந்தது உண்மைதான். அதனால் உச்சரிப்பு சரியாகிவிடாது.

செம்மண்:
உச்சரிப்புச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறொரு வருத்தம். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இந்த நாடகத்தின் எழுத்துவடிவம் இணையத்தில் கிடைப்பதால் முழுவதையும் படித்தான். படித்து முடித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று எங்குமே இல்லையே, ஏன்?" என்னிடம் பதில் இல்லை. ஐஃபல் நாள் முழுவதும் ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசிக்கொண்டே இருப்பவன். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆளுக்கு அந்தப் பதிவுகள் எதுவுமே கேட்காது. எவ்வளவு பெரிய விஷயம் இது! நாடகம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. கேளாமை அவன் குற்றத்தின் அளவைக் காட்ட வைத்த அடையாளமாக மட்டும் நின்றுவிடுகிறது.

மலையருவி:
நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள் சகோதரி. மகள் மறக்கவில்லை.

ஊர்க்குருவி:
செம்மண், உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. ஆனால் அது மகள் பற்றிய கேள்வி, முடிவு பற்றியது அல்ல. மகளுக்குக் குரல் தரவில்லை என்பதற்காக ஐஃபலின் தியாகத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. அவனே கேட்டான். "மேடே" என்ற பகுதியை நினைத்துப் பாருங்கள். விண்கலத்தில் தன்னந்தனியாக மிதக்கிறான். நண்பர்களின் குரல்கள் அவன் மூளைக்குள்ளிருந்துதான் வருகின்றன. அப்போதும் உயிரை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவன் அவன். அந்தத் தனிமையைத் தாண்டி வந்தவன் தானாகவே மறுபடியும் வெறுமைக்குள் இறங்குகிறான். இதை எளிதான வழி என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

மலையருவி:
அப்படியானால் பிரைஸ்? ஹெராவின் மனத்துக்குள் "உன்னால் முடியாது, நீ போதாது" என்ற குரலைப் பதித்து வைத்தவள் அவள். ஹெரா தன்னைத் தானே சந்தேகித்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தக் குரலால். அவளும் அதே நொடியில் எல்லாவற்றையும் மறக்கிறாள். உயிரோடும் இருக்கிறாள். மறதி ஐஃபலைத் தூய்மையாக்கியது என்றால் பிரைஸையும் அது தூய்மையாக்கியதா? அவளை மன்னித்துவிட்டீர்களா?

ஊர்க்குருவி:
பிரைஸ் கேட்கவில்லை. ஐஃபல் கேட்டான். வேறுபாடு அதுதான். ஒருத்தியிடமிருந்து பிடுங்கினார்கள், இன்னொருவன் கொடுத்தான்.

மலையருவி:
மறந்த பிறகு இருவருக்கும் என்ன வேறுபாடு? இருவரையும் ஒரு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

பழையரேடியோ:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பாத்திரம் நடத்திச் செல்வது என்றால் என்ன? நினைவு போனவன் அதே பாத்திரமா, வேறு ஆளா? இதைத்தானே நீங்கள் மூவரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள்?

ஊர்க்குருவி:
ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்துச் சொல்கிறேன், இங்கே இலக்கணம் எழுத யாரும் வரவில்லை. மலையருவி, அவனுடைய பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முதல் நாளிலிருந்து அவன் பேசியதை நாம் கேட்டோமே, அதே பதிவுகள். தான் யாராக இருந்தோம் என்று அவனும் இனி நம்மைப் போலவே உட்கார்ந்து கேட்க வேண்டும். மகளுக்குச் செய்ததையும் தன் குரலிலேயே கேட்கப்போகிறான். இதைவிடக் கடுமையான தண்டனையை நீங்கள் எழுதிக் காட்டுங்கள், பார்க்கிறேன்.

செம்மண்:
அவன் கேட்பான். அவள்?

ஊர்க்குருவி:
மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறீர்கள். இது ஒலிநாடகம். குரல் வழியாக எதைச் சொல்ல முடியுமோ அதைத்தான் சொல்லும்.

செம்மண்:
என் தம்பி இதைப் படித்தான். ஒலியே இல்லாமல் முழு நாடகத்தையும் படித்தான். உங்கள் "ஒலிநாடகம்" என்ற சமாதானம் அவனிடம் செல்லாது.

நள்ளிரவுப்பயணி:
ஊர்க்குருவி எல்லோருக்கும் பதில் எழுதுகிறார், யாருக்கும் பதில் சொல்வதில்லை. போன ஆண்டும் இப்படித்தான்.

ஊர்க்குருவி:
பகுதிகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மலையருவி, நாளை இறுதிப்பகுதியை மறுபடியும் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள். அழித்துவிடு என்று அவன் சொல்லும்போது ஹெரா எப்படித் தயங்குகிறாள் என்று கேட்டுவிட்டு வந்து கோழைத்தனம் என்று எழுதுங்கள்.

மலையருவி:
நான்கு முறை கேட்டுவிட்டேன். ஹெரா தயங்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. மகள் மறக்கவில்லை.