எஸ்எஸ்டி எழுதும் வேகம் திடீரென்று படுத்துவிடுகிறது: டிரைவர் மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். எடிட்டிங் எல்லாம் லேப்டாப்பில்தான். உள்ளே 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்). இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. போன வைகாசியில் அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். வெளி எஸ்எஸ்டியில் இருந்த 45 ஜிபி ஃபுட்டேஜை லேப்டாப்புக்குள் இழுத்துவிட்டேன். நொடிக்கு 400 எம்பி வேகத்தில் ஜம்மென்று போனது. சரி, இரண்டு நிமிட வேலை என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் காப்பி ஜன்னலில் வேகம் காட்டும் பச்சைக் கோடு மலையிலிருந்து உருண்ட மாதிரி கீழே கிடக்கிறது. 40 எம்பி. அங்கேயே நின்றுவிட்டது. முடிய கால் மணி நேரம் ஆயிற்று. பெண் வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

தெரிந்த கடையில் கொடுத்தேன். அவர்கள் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தார்கள். எழுதும் வேகம் 1,700 எம்பி என்று வந்தது. "டிஸ்க் சூப்பரா இருக்கு, டிரைவர்தான் பழசு" என்று, அதாவது டிஸ்க்கை இயக்கும் மென்பொருள் பழசு என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து காப்பி போட்டால் பழைய கதைதான். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் மைக்ரோசாஃப்டின் பொது என்விஎம்இ டிரைவர் ஓடுகிறது. எஸ்எஸ்டி கம்பெனி தனியாக டிரைவர் எதுவும் தரவில்லை. அதனால் நெட்டில் தேடி, எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று சொன்ன ஒரு மென்பொருளைப் போட்டேன். அது எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. டச்பேட் டிரைவரை மாற்றிவிட்டது. இப்போது இரண்டு விரலால் ஸ்க்ரோல் செய்ய முடியவில்லை.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

கோவையிலிருந்து:

அண்ணா, டிரைவரை விடுங்கள். ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருந்தது?

*

கேள்வி கேட்டவர்:

60 ஜிபி இருக்கும் தம்பி. 45 ஜிபிக்கு அது போதுமே?

*

கோவையிலிருந்து:

இடம் போதும், வேகத்துக்குப் போதாது. நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். உங்களுடையது அநேகமாக க்யூஎல்சி வகை. சிப்பில் உள்ள ஒரு சேமிப்பு அறைக்குள், அதாவது செல்லுக்குள், நான்கு பிட் அடைக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் எஸ்எஸ்டியை நடத்தும் கன்ட்ரோலர் சிப் ஒரு தந்திரம் செய்கிறது. காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் அவசரமாக எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் சும்மா இருக்கும் நேரத்தில் அதை நான்கு பிட்டாக அடுக்கும். இதைத்தான் எஸ்எல்சி கேஷ் என்கிறார்கள். பல மாடல்களில் இந்தக் கேஷ் காலி இடத்தைப் பொறுத்துச் சுருங்கும். உங்கள் 60 ஜிபியை நான்கால் வகுத்தால் 15. வேகமாக எழுதக் கிடைப்பது அதிகம் போனால் அவ்வளவுதான். வேகம் எத்தனை ஜிபியில் விழுந்தது என்று மறுபடி ஒருமுறை பாருங்கள், கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும்.

கடைக்காரர் ஓட்டிய சோதனை வழக்கமாக 1 ஜிபி அளவுக்குத்தான் எழுதிப் பார்க்கும். அது முழுக்கக் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால்தான் 1,700 என்று காட்டியது. பொய் இல்லை, உங்கள் வேலைக்கு அது உதவாத எண். டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது டிரைவரை மாற்றி என்ன செய்ய?

*

நாகர்கோவிலிலிருந்து:

எல்லாமே கேஷ் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு நிஜமாகவே அமைப்பில்தான் கோளாறு. என்னுடையது பழைய லேப்டாப், 2012 மாடல். ஹார்டு டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு, டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடி என்ற தாங்கி ஒன்றை வைத்து சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டியை மாட்டினேன். ஆரம்பம் முதல் கடைசி வரை 120 எம்பியைத் தாண்டவே இல்லை. உங்களுக்கு நடுவில் விழுந்தது, எனக்கு எழவே இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

டிஸ்க்கின் விவரம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோட் என்று ஒரு வரி உண்டு. அதில் கோட்டுக்கு ஒரு பக்கம் 150, மறு பக்கம் 600 என்று இருந்தது. எஸ்எஸ்டியால் 600 முடியும், அந்த டிவிடி வழி 150க்கு மேல் விடவில்லை. இரண்டையும் இடம் மாற்றி, எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் வைத்தேன். 600 என்று காட்டியது. ஆனாலும் சின்னச் சின்ன ஃபைல்கள் எழுதும்போது திணறல் போகவில்லை. விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸில் போய்ப் பார்த்தால் யாரோ ஒரு காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி போடுவதற்காக ஐடிஇ என்ற பழைய டிஸ்க் மோடுக்கு மாற்றி, அப்படியே விட்டிருக்கிறார்கள். புதிய மோடான ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். உடனே நீலத் திரை! விண்டோஸ் எழும்போதே ஏஹெச்சிஐ டிரைவர் தயாராக இருக்க வேண்டுமாம். மறுபடி ஐடிஇக்குப் போய், அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பி, அப்புறம் சாதாரணமாக எழுப்பினேன். சரியாயிற்று. அன்றைக்கு இரவு ஒன்றரை மணி வரை முழித்திருந்தேன். மனைவி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

*

மன்னார்குடியிலிருந்து:

விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு என்னுடையது 25 எம்பியில் ஊர்ந்தது. டிரைவரை மூன்று தடவை மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோனேன். கடைசியில் டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் பாலிசீஸ். ரைட் கேஷிங் (எழுதுவதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொள்வது) என்ற பெட்டியில் டிக் இல்லை. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. டிக் போட்டதும் எழுந்து ஓடியது.

அதன் கீழேயே இரண்டாவதாக ஒரு பெட்டி இருக்கும், ஃப்ளஷிங்கை (அந்த நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் இறக்குவதை) நிறுத்தவா என்று கேட்கும். அதைத் தொடாதீர்கள். மின்சாரம் போனால் எழுதியது பாதியில் காணாமல் போகலாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். என் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி இருட்டு. அதனால் முதல் பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

*

சென்னை, ஆவடியிலிருந்து:

என் கதை சின்னது. சர்வீஸ் கொடுத்து வாங்கிய பிறகு பெரிய ஃபைல் எழுதினால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் விழும், கொஞ்சம் விட்டால் தானாக ஏறும். வெப்பம் பார்த்தேன், 81 டிகிரி. மூடியைத் திறந்தால் எஸ்எஸ்டி மேல் இருந்த, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடைக் காணோம். பிரித்தவர்கள் திரும்ப ஒட்டவில்லை. புதிதாக ஒன்று வாங்கி ஒட்டினேன், இப்போது 60ஐத் தாண்டுவதில்லை. மெத்தை மேல் வைத்து வேலை பார்க்கும் பழக்கத்தையும் விட்டேன். அதாவது, பாதி விட்டேன்.

*

மதுரையிலிருந்து:

லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்தால், ட்ரிம் கட்டளை (எதை அழித்தோம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) அந்தப் பூட்டைத் தாண்டி எஸ்எஸ்டிக்குப் போகிறதா என்று பாருங்கள். எனக்குப் போகவில்லை. நான் அழித்ததெல்லாம் எஸ்எஸ்டியின் கணக்கில் அழியாமலே கிடந்தது, அதைப் பொறுத்தவரை டிஸ்க் எப்போதும் ஃபுல். அனுமதியைத் திறந்துவிட்டு ஒருமுறை ட்ரிம் ஓட்டியதும் மூச்சு வந்தது. விண்டோஸ் 7 முதல் ட்ரிம் தானாக நடக்கும், அதனால் கேள்வி கேட்டவருக்கு இந்தத் தொல்லை இருக்க வாய்ப்பு குறைவு.

*

கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. கோவைத் தம்பி சொன்ன கணக்கைச் சோதித்தேன். அதே 45 ஜிபி ஃபோல்டரை அழித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காப்பி போட்டு, நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன். 14 ஜிபியில் விழுந்தது. ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

மன்னார்குடிக்காரர் சொன்ன பெட்டியில் டிக் இருந்தது. வெப்பம் 58. அதனால் பழைய கல்யாணங்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளி 200 ஜிபி காலி செய்தேன். அன்றைக்கே மறுபடி போட்டுப் பார்த்தபோது பாதியில் விழுந்தது. அப்புறம்தான் புரிந்தது, காப்பி முடிந்த கையோடு மூடியைச் சாத்துவது என் பழக்கம். லேப்டாப் தூங்கிவிட்டால் எஸ்எஸ்டிக்கு உள்ளே அடுக்க நேரம் ஏது? இரவு முழுக்க சார்ஜரில் போட்டு, தூங்கவிடாமல் திறந்தே வைத்தேன். காலையில் 45 ஜிபியும் ஒரே மூச்சில், இரண்டு நிமிடத்தில் உள்ளே போனது.

டச்பேட் ஸ்க்ரோல்தான் இன்னும் திரும்பவில்லை. அதற்கு யாராவது நல்ல டிரைவர் இருந்தால் சொல்லுங்கள்.