புரூஜ் போகிறவர்கள் லிஸ்ஸவேகேக்கும் போக வேண்டும்

பெரியப்பா: பெல்ஜியத்தில் புரூஜ் நகரில் நான்கு நாள் தங்கப் போகிறோம் அம்மா. கால்வாயும் மணிக்கூண்டும் இரண்டு நாளில் முடிந்துவிடும். மீதி நாளுக்கு ஏதாவது சொல்.

அக்கா: லிஸ்ஸவேகேக்கு வாருங்கள் பெரியப்பா. 1971 முதல் புரூஜ் நகராட்சியில்தான் இருக்கிறது, ஆனாலும் கிராமம் கிராமமாகவே நிற்கிறது. ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. வெள்ளையடித்த வீடுகள், நடுவே சின்னஞ்சிறு கால்வாய், அவ்வளவுதான் ஊர்.

அத்தை: அவ்வளவுதான் என்றால் எதற்காகப் போவானேன்?

அக்கா: தேவாலயத்துக்காக, அத்தை. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அந்தச் சிறிய ஊரில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம்! உச்சியில் கூம்பு கிடையாது. கடலோரச் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? களிமண்ணைச் சுட்டுத்தான் கட்டினார்கள்.

தம்பி: ஒரு துறவி ஒளிந்துகொண்ட கோபுரம் அதுதானே?

அக்கா: அதேதான். வில்லெம் வான் சாஃப்டிங்கே. பக்கத்திலிருந்த தெர் டூஸ்ட் மடத்தில் உடலுழைப்பு வேலைகளைப் பார்த்த சகோதரர். 1302 ஜூலை 11 அன்று கோர்ட்ரைக் என்ற ஊரில் பிரெஞ்சுக் குதிரைப்படையை ஃபிளாண்டர்ஸ்காரர்கள், அதாவது இந்தப் பகுதி மக்கள், தரையில் நின்றே முறியடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி ஆர்த்துவா ராபர்ட்டை வீழ்த்தியவர் இவர்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா: போர் முடிந்து மடத்துக்கே திரும்பினாரா?

அக்கா: திரும்பினார், அடங்கி இருக்கவில்லை. 1308இல் மடாதிபதியைத் தாக்கி, பண்டகசாலைப் பொறுப்பாளரைக் கொன்றுவிட்டு, இந்தக் கோபுரத்துக்குள் புகுந்துகொண்டார். கீழே முற்றுகை. புரூஜிலிருந்து யான் பிரெய்டல் என்ற மக்கள் தலைவர் ஆட்களோடு வந்து மீட்டுப்போனார். இன்று ஊரில் வில்லெமுக்குச் சிலை இருக்கிறது.

அத்தை: கொலை செய்தவருக்குச் சிலையா?

அக்கா: போர்க்களத்துக்காக வைத்தது அத்தை. எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

பெரியப்பா: மடம் என்ன ஆயிற்று?

அக்கா: 16ஆம் நூற்றாண்டு மதப் போர்களில் அழிந்துவிட்டது. தானியக் களஞ்சியம் மட்டும் தப்பியது. கோபுரத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது, 50 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். வரிசை வரிசையாக ஓக் மரத் தூண்கள் அவ்வளவு பெரிய கூரையைத் தாங்குகின்றன. தரை ஈரம் மரத்தில் ஏறாதபடி தூண்களின் அடியில் கல் பீடம். இந்த மடத்தார் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர். அவர்கள் கடலோரச் சதுப்பில் கரை கட்டி விளைநிலமாக்கினார்கள். அந்த உழைப்பின் விளைச்சல் வந்து சேர்ந்த இடம் இந்தக் களஞ்சியம், பெரியப்பா.

பெரியப்பா: முடிவு செய்துவிட்டேன். ஜூலை 9 வந்து இறங்குகிறோம், 11 அன்று அங்கே போகிறோம்.

அக்கா: நல்ல நாள் பார்த்தீர்கள்! கோர்ட்ரைக் வெற்றியின் நினைவாக அன்று ஃபிளாண்டர்ஸ் விழா. மஞ்சள் கொடியில் கருஞ்சிங்கம் பறக்கும். அத்தை, கோபுரத்துக்கு 200 படிகளுக்கு மேல், முட்டிவலியோடு ஏற வேண்டாம். களஞ்சியத்துக்கு ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மேடுபள்ளம் இல்லாத வழிதான்.

அத்தை: நடந்துவிடுவேன். படிதான் ஆகாது.