பாளை வீட்டு குரூப்: ‘தி சிங்-ஆஃப்’ பாக்குறதுக்கு முந்தி

ஷீபா, மாலை 5:50
இன்னிக்கு ராத்திரி நம்ம ஊர் நேரம் 8 மணிக்கு ‘தி சிங்-ஆஃப்’ மூணாவது சீசன் பாட்டுகளைப் பாக்குதோம். வாத்தியமே இல்லாம குரல்ல மட்டும் பாடுற ‘அக்கப்பெல்லா’ குழுக்களோட போட்டி, 2011-ல அமெரிக்காவுல என்பிசி சேனல்ல வந்தது. யூடியூப்ல தனித்தனிப் பாட்டா கிடக்கு, வரிசைப்படி லிங்க் போடுதேன். டிவியில போட்டுக்கோங்க, போன்ல வேண்டாம்.

பெனிட், 5:52
மதினி, எத்தனை குழு? எல்லாத்தையுமா?

ஷீபா, 5:55
மொத்தம் 16 குழு, எட்டு எட்டா ரெண்டு பிரிவு. நமக்கு நாலு போதும்: பென்டடானிக்ஸ், டார்ட்மத் ஏர்ஸ், ஹோவர்ட் பல்கலைக்கழகத்து ஆஃப்ரோ-ப்ளூ, பெண்கள் மட்டும் பாடுற டிலைலா. நேரம் கிடந்தா நான் இருக்கிற ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து யெல்லோஜாக்கெட்ஸ்.

எஸ்தர், 6:01
ஜெயிச்சது பென்டடானிக்ஸ்னு எல்லாருக்கும் தெரியும். 2 லட்சம் டாலரும் சோனி ரெக்கார்டிங் ஒப்பந்தமும் வாங்குனாங்க. தெரிஞ்சே கேக்குறது ஒரு வகையில நல்லது, யாரு வெளிய போவாங்கன்னு பதறாம காதை மட்டும் குடுக்கலாம்.

ஜெய்சன், 6:08
மொதல்ல டிவியைச் சரி பண்ணுங்க. சவுண்ட் மெனுவுல நைட் மோட், ஆட்டோ வால்யூம், குரலைத் தெளிவாக்குற மோட், சரவுண்ட் எது இருந்தாலும் ஆஃப். ஆட்டோ வால்யூம் மெதுவாப் பாடுற இடத்தைத் தூக்கிரும், ஓங்கிப் பாடுற இடத்தை அமுக்கிரும். அவங்க உழைச்சு வச்ச ஏத்த இறக்கம் அத்தனையும் தட்டையாப் போயிரும்.

ஜெய்சன், 6:11
அடுத்தது பேஸ், குழுவுலயே கீழ பாடுற குரல். டிவிக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் 100, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ உருப்படியா ஒண்ணும் தராது. பேஸ் பாடுதவர் கீழ் ஈ-க்கு இறங்குனா அது 82 ஹெர்ட்ஸ். அந்த அடிச்சத்தம் ஸ்பீக்கர்ல வராது. அதோட மேல வர்ற 164, 246 ஹெர்ட்ஸ் சத்தத்தை வச்சு மூளையே அடிச்சுரத்தைப் போட்டுக்கும். அதனால என்ன சுரம்னு தெரியும், கனம் தெரியாது. சவுண்ட்பார் இருந்தா அதுல கேளுங்க. இல்லன்னா வயர் ஹெட்போன்.

எஸ்தர், 6:13
ப்ளூடூத் போடக் கூடாதா?

ஜெய்சன், 6:14
போடலாம் அத்தை, ஆனா சில செட்டுல வாய் அசைஞ்சு கொஞ்சம் கழிச்சுச் சத்தம் வரும். வாயாலயே டிரம் மாதிரி தாளம் போடுதவரைப் பாத்துக்கிட்டே கேக்கணும்னா அது தொல்லை.

சாமுவேல், 6:25
எல்லாரும் கேளுங்க. அக்கப்பெல்லா கேக்கும்போது முன்னால நின்னு பாடுதவங்க பின்னாடியே காது ஓடும். மொதல் தடவை அவங்கள விட்டுருங்க. பேஸை மட்டும் பிடிங்க. பேஸ் ஒவ்வொரு கார்டுக்கும், அதாவது சேந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்துக்கும், அடிச்சுரம் வைக்குது. அது மயிரிழை இறங்குனாலும் மேல பாடுத அத்தனை பேரும் தப்பாப் பாடுத மாதிரி கேக்கும், உண்மையில தப்பு ஒருத்தரோடதா இருக்கும். ரெண்டாவது தடவை நடுக்குரல். ஆல்டோவும் டெனரும் பெரும்பாலும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க, கவனிக்க ஆளில்ல, ஆனா கார்டு மேஜரா மைனரான்னு தீர்மானிக்கிற ‘மி’ (டோ, மி, ஸோ-ன்னா நம்ம ச, க, ப) அவங்ககிட்டதான் அடிக்கடி இருக்கும்.

பெனிட், 6:27
அந்த ‘மி’-யை பியானோவுல இருக்கிற மாதிரியே பாடுனா சரிதானே பெரியப்பா?

சாமுவேல், 6:34
அங்கதான் விஷயம் இருக்கு. பியானோவுல டோ-வுக்கும் மி-க்கும் நடுவுல 400 சென்ட், அதாவது நாலு அரைச்சுரம். குரல்ல கார்டு முழுசா ஒட்டணும்னா அது 386 சென்ட் இருக்கணும். மி பாடுதவங்க 14 சென்ட் இறக்கணும். ஸோ-வை 2 சென்ட் ஏத்தணும், அது காதுக்குப் பெருசாத் தெரியாது. மி-யை மட்டும் சரியா வச்சிட்டா சத்தம் அலையடிக்கிறது நின்னு கார்டு கல்லு மாதிரி உக்காரும். அப்போ யாருமே பாடாத ஒரு மேல் சுரம் தனியா ஒலிக்கும். பார்பர்ஷாப்-ங்கிற பாணியில நாலு பேர் சேந்து பாடுறதே அந்தச் சத்தத்துக்காகத்தான். பாட்டு முடியுற கடைசி கார்டை ரெண்டு மூணு செகண்ட் பிடிச்சு நிப்பாங்க, அப்போ கவனிங்க.

எஸ்தர், 6:37
உயிரெழுத்தும் ஒத்துப்போகணும் அண்ணே. ஒருத்தர் ‘ஆ’-ன்னு வாயைத் திறந்து, பக்கத்துல இருக்கிறவர் ‘ஆ’-வையும் ‘ஓ’-வையும் கலந்து பாடுனா சுரம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு குரலாத்தான் கேக்கும். ‘ஊ’-வுல எல்லாம் சீக்கிரம் ஒட்டிரும், அதான் பின்னணிக் குரலுக்கு ‘ஊ’ வைக்காங்க. ‘ஆ’-வுக்குப் போனா சத்தம் கூடும், பிசிறும் கூடத் தெரியும். கோரஸ் தொடங்குற இடத்துல ‘ஊ’-விலிருந்து ‘ஆ’-வுக்கு மாறுவாங்க. ஒரே நொடியில மாறுதாங்களா, ஒருத்தர் பிந்துதாரான்னு பாருங்க.

பெனிட், 6:41
நான் தாளத்தைச் சொல்லுதேன். டிரம் செட்டோட மூணு சத்தம் அடிப்படை. கிக்: உதட்டை இறுக்கி மூடி ‘ப்’-ன்னு வெடிக்கிறது. ஹை-ஹேட்: நாக்கு நுனியில ‘ட்ஸ்’. ஸ்னேர்: ‘க்’. இந்த ‘க்’-ஐ மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே போடலாம். அதுதான் சூட்சுமம். மூணையும் மூச்சை வெளிய விட்டே போட்டா சீக்கிரம் காத்து தீர்ந்து தாளம் தடுமாறும். ஸ்னேர் விழும்போதெல்லாம் மூச்சு உள்ள போனா பாட்டு முழுக்க நிக்காம ஓடலாம். பென்டடானிக்ஸ்ல கெவின் ஒலூசோலாவோட வாயை க்ளோசப்ல காட்டும்போது நெஞ்சு எப்போ ஏறுதுன்னு பாருங்க.

எஸ்தர், 6:43
கொன்னக்கோல் மாதிரின்னு வச்சுக்கலாமா?

பெனிட், 6:46
இல்ல அத்தை. கொன்னக்கோல்ல சொல்லு தெளிவா வரணும், தகதிமி தகஜுணு-ன்னு கணக்கு சொல்லுலதான் நிக்குது. இங்க எழுத்தே கேக்கக் கூடாது, டிரம் கிட் மட்டும் கேக்கணும். ஆனா உள்ளுக்குள்ள தாளம் எண்ணிக்கிட்டே இருக்கிறது ரெண்டுக்கும் பொது.

ஜெய்சன், 6:52
லேய் நல்லாச் சொன்ன. அதுல மைக்குக்கும் பாதிப் பங்கு இருக்கு. பேஸும் தாளமும் மைக்கை உதட்டை ஒட்டிப் பிடிப்பாங்க. இந்த மாதிரி மைக்குல வாய் கிட்ட வர வர கீழ்ச்சத்தம் தானா கூடும். 1 செ.மீ. தூரத்துல வர்ற கனம் 10 செ.மீ. தள்ளுனா இருக்காது. முன்னால பாடுதவங்க ஓங்கிப் பாடுற இடத்துல மைக்கைத் தள்ளுவாங்க, ‘ப’ வர்ற சொல்லுக்கு லேசா சரிச்சுக்குவாங்க, இல்லன்னா காத்து மைக்குல அடிக்கும். மைக் தலையைக் கையால பொத்துனா சத்தம் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும், மேடையில ஃபீட்பேக்கும், அதான் ஸ்பீக்கர் கீச்சுன்னு கத்துறது, வரும்.

ஷீபா, 6:58
சாமுவேல் மாமா, ஒரு கேள்வி. டார்ட்மத் ஏர்ஸ் பெரிய ஆண்கள் குழு, பென்டடானிக்ஸ்ல அஞ்சே பேர். எது கஷ்டம்?

சாமுவேல், 7:06
அஞ்சு பேருதாம்மா கஷ்டம். கணக்குப் போட்டுப் பாரு. ஒருத்தர் பேஸ், ஒருத்தர் தாளம். மிச்சம் மூணு பேர். அதுல ஒருத்தர் பாட்டைப் பாடுனா கார்டு கட்ட ரெண்டே குரல். பேஸ் ‘டோ’ வச்சா மத்த ரெண்டு பேரும் ‘மி’-யும் ‘ஸோ’-வும் பிடிக்கணும். ஒருத்தர் மூச்சு எடுத்தாலும் கார்டுல ஓட்டை விழும். பெரிய குழுவுல ஒரே பாகத்தை மூணு நாலு பேர் பாடுவாங்க, ஆளுக்கொரு இடத்துல மாத்தி மாத்தி மூச்சு எடுத்துக்கலாம், வெளிய தெரியாது. நம்ம கிறிஸ்துமஸ் கொயர்லயும் அப்படித்தானே. அஞ்சு பேருக்கு அந்த வழி கிடையாது, அரேஞ்ச் பண்ணும்போதே மூச்சுக்கு இடம் விட்டு எழுதணும்.

ஷீபா, 7:09
பென்டடானிக்ஸ்ல ஸ்காட், மிட்ச், கர்ஸ்டின் மூணு பேரும் டெக்சஸ் ஆர்லிங்டன்ல ஒரே பள்ளிக்கூடம். பேஸ் அவி கப்லானும் தாளம் கெவினும் ஆடிஷனுக்கு முந்தின நாள்தான் மத்தவங்களோட சேர்ந்தாங்க. அதை வச்சுப் பாத்தா அந்த ஒட்டுதல் பெரிய விஷயம்.

ஜெய்சன், 7:15
பெரியப்பா, ஒட்டுதல் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். டிவியில அதை வச்சு மார்க் போட முடியாது. ஒவ்வொருத்தருக்கும் தனி மைக், தனி சேனல். யாரு சத்தம் எவ்வளவுன்னு மிக்ஸ் பண்ணுதவர் முடிவு பண்ணுதார். ரிவெர்ப், அதான் எதிரொலி, சேக்குறாங்க. கைதட்டலுக்கு தனி மைக். நாம கேக்குறது அவங்க நாலு சுவத்துக்குள்ள நின்னு பாடுன சத்தம் இல்ல.

சாமுவேல், 7:19
அப்போ எதை வச்சுத்தான் போடுறது?

ஜெய்சன், 7:23
மிக்ஸரால மறைக்க முடியாததை வச்சு. ஒண்ணு, எல்லாரும் சேந்து சொல்லைத் தொடங்குறதும் முடிக்கிறதும். ‘ஸ்’, ‘ட்’ல முடியுற சொல்லு வந்தா கவனிங்க, ஒரே சத்தமா வருதா, சரசரன்னு சிதறுதா. ரெண்டு, தாளம் ஓடுதா. ஆர்வத்துல வேகம் ஏறும், தாளக்காரர் இழுத்துப் பிடிக்கணும். மூணு, சுரம் மாத்துற இடம்.

சாமுவேல், 7:27
மூணாவது நூத்துக்கு நூறு சரி. கடைசி கோரஸை அரைச்சுரமோ ஒரு சுரமோ ஏத்துவாங்க. கூட வாசிக்க கீபோர்டு கிடையாது. புதுச் சுரத்துக்கு பேஸ் வழி காட்டணும், இல்லன்னா நடுவுல ஒரு கார்டு வச்சு அது மேல ஏறணும். பாதிப் பேர் அரையும் குறையுமா ஏறுனா அடுத்த நாலு வரி பூரா கசப்பு. ஆனா ஒட்டுதல் பூரா மிக்ஸர் கையில இருக்குன்னு சொல்லாத. எஸ்தர் சொன்ன உயிரெழுத்தை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற எந்த ஃபேடரும் சரி பண்ணாது.

ஜெய்சன், 7:28
அது சரிதான் பெரியப்பா. உயிரெழுத்தைக் கணக்குல எடுத்துக்குவோம், சத்த அளவை விட்டுருவோம்.

எஸ்தர், 7:33
சுருதி இறங்குறதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுதேன். எல்லாரும் சேந்து இறங்குனா உரசல் கேக்காது, கேக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. கீபோர்டு ஆப் திறந்து வச்சுக்கோங்க. மொத கார்டுல பேஸ் சுரத்தைத் தேடி எழுதி வைங்க. முடியும்போது கடைசி கார்டைத் தட்டிப் பாருங்க. நடுவுல சுரம் ஏத்தியிருந்தா அந்த அளவைக் கழிச்சுக்கோங்க. மெதுவான பாட்டுலதான் பெரும்பாலும் இறங்கும். காரணம் மூணு: ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மூச்சோட அழுத்தம் குறையும், இறங்கு வரிசையில படியைப் பெருசா வச்சிருவாங்க, ஏறு வரிசையில சின்னதா வச்சிருவாங்க.

ஷீபா, 7:36
வெளிய போற குழு கடைசியா ஒரு பாட்டு பாடிட்டுப் போகும். அதுலயும் கேட்டுப் பாருங்க அம்மா. தொண்டை அடைச்சா மூச்சு நிக்காது, சுருதி மொதல்ல அங்கதான் ஆட்டம் காணும்.

பெனிட், 7:38
டிலைலாவுல பேஸுக்கு யாரு?

ஷீபா, 7:41
பெண்குரல்தான். பியானோவுல நடு சி-க்குக் கீழ இருக்கிற எஃப் வரைக்கும் இறங்குனா சுமார் 175 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அதனால ஆண் குழுவுக்குப் பக்கத்துல வச்சா மெலிசாத் தோணும். அது குறையில்ல, குரலோட எல்லை. சாதாரண டிவி ஸ்பீக்கர்ல இவங்க பாட்டு முழுசா வரும், அது ஒரு வசதி. கார்டு எல்லாம் நெருக்கமா உக்காந்திருக்கும், யாரு எந்த சுரம்னு பிரிச்சுக் கேக்கத்தான் சிரமம்.

சாமுவேல், 7:44
ஆஃப்ரோ-ப்ளூவுக்குத் தனியா காது குடுங்க. ஜாஸ் பாடுதவங்க. மூணு சுரத்தோட நிறுத்த மாட்டாங்க, அடிச்சுரத்துல இருந்து எண்ணி ஏழாவதும் ஒன்பதாவதும் சேப்பாங்க. பக்கத்துப் பக்கத்து சுரம் ரெண்டு பேர் வாயில உரசிக்கிட்டு நிக்கும். அதைத் தப்புன்னு நினைச்சிராதீங்க, அந்த உரசல்தான் அழகு. அதுல உறுதியா நிக்கணும்னா பக்கத்து ஆளோட சுரத்துக்கு இழுபடக் கூடாது. என் கணக்குல அந்த சீசன்ல காதுக்குப் பெரிய பரிட்சை எழுதுனவங்க இவங்கதான்.

எஸ்தர், 7:47
நடுவர் பேசுறதைத் தள்ளிவிடாதீங்க. பென் ஃபோல்ட்ஸ் பியானோக்காரர், 2009-லயே கல்லூரிக் குழுக்களை வச்சு அவர் பாட்டுகளை ஆல்பமாப் போட்டவர். சாரா பரெல்லிஸ் யுசிஎல்ஏ-ல அக்கப்பெல்லா குழுவுல பாடுனவங்க. ஷான் ஸ்டாக்மன் பாய்ஸ் டூ மென் பாட்டுக்குழு ஆளு. எந்தப் பாகம் சறுக்குச்சுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க.

ஷீபா, 7:50
குழுக்களுக்கு அரேஞ்ச்மென்ட்ல உதவி பண்ணுனவர் டீக் ஷாரன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து பீல்செபப்ஸ் குழுவுல பாடி வந்தவர். அதனால அமைப்புக்கு முழு மார்க்கையும் குழுவுக்கே குடுத்திராதீங்க, பாடுன விதத்துக்குக் குடுங்க.

ஷீபா, 7:52
லிங்க் நாலும் அனுப்பிட்டேன். வரிசை: டிலைலா, டார்ட்மத் ஏர்ஸ், ஆஃப்ரோ-ப்ளூ, பென்டடானிக்ஸ். ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை.

சாமுவேல், 7:55
ஆளுக்கொண்ணு பிரிச்சுக்குவோம். பெனிட் தாளம். எஸ்தர் கீபோர்டும் சுருதியும். ஜெய்சன் சொல் தொடங்குறது முடியுறது. ஷீபா பேஸ். நடுக்குரல் எனக்கு. பாட்டு ஓடும்போது யாரும் குரூப்ல எழுத வேண்டாம், ரெண்டாவது தடவை முடிஞ்ச பெறகு எழுதுங்க.

பெனிட், 7:56
சரி பெரியப்பா. டிவியில ஆட்டோ வால்யூம் ஆஃப் பண்ணிட்டேன்.